பிள்ளைகள் வெளியூரில், கம்ப்யூட்டர் வீட்டில்: எந்த ஆன்டிவைரஸ் சரி?

"தம்பி, சிஸ்டத்துல ஓரமா மஞ்சக் கட்டம் ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்டே."

பெருமாள்புரத்துப் பெரியப்பாவிடமிருந்து மாதம் ஒருமுறையாவது இப்படி ஒரு போன் வரும். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் பெங்களூரில், மகள் மஸ்கட்டில். போன பொங்கலுக்குப் போய்ப் பார்த்தபோது அந்தக் கம்ப்யூட்டரில் மூன்று ஆன்டிவைரஸ் இருந்தன. ஒன்று, வாங்கும்போது கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. கெடு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்னொன்று, மகன் லீவுக்கு வந்தபோது இறக்கி வைத்த இலவசப் பதிப்பு. மூன்றாவது, ஏதோ பிடிஎஃப் மென்பொருளை இறக்கியபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. சுவிட்சைப் போட்ட பிறகு பெரியம்மா காபி போட்டுக் கொண்டுவந்து, அதை நான் குடித்து முடித்த பிறகுதான் திரையில் மவுஸ் நகர்ந்தது.

பாளையங்கோட்டை, மகாராஜநகர், அம்பை, வள்ளியூர் என்று எந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய இதே நிலைதான். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எல்லோரும் கேட்பதும் ஒரே கேள்வி: காசு கொடுத்து வாங்கணுமா, இலவசமே போதுமா, ரெண்டு மூணு சேத்துப் போட்டா இன்னும் நல்லதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எப்போதும் விழித்திருந்து காவல் காக்கும் ஆன்டிவைரஸ் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது குறுக்கே நின்று சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடும். இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வேகம்தான் போகும், பாதுகாப்பு கூடாது.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது, அந்த வீட்டில் இதைக் கவனிக்க யார் இருக்கிறார்கள் என்பது. மாதம் ஒருமுறை யாராவது தொட்டுப் பார்த்தால்தான் ஓடும் என்கிற ஏற்பாடு, பார்க்க ஆள் இல்லாத வீட்டில் பாதுகாப்பே ஆகாது. கெடு முடிந்தது தெரியாமல் பெரியப்பா எட்டு மாதம் ஓட்டியது அதனால்தான்.

அடுத்து, அந்த வீட்டுக்கு ஆபத்து எந்த வாசல் வழியாக வரும் என்று பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென்டிரைவா, சீரியல் பார்க்கும் வெப்சைட்டா, கல்யாண ஆல்பம் செய்யப் போட்ட, காசு கட்டாமல் ஓட்டப் பூட்டை உடைத்த கிராக் மென்பொருளா, இல்லை போனில் வரும் குரலா? நாலுக்கும் மருந்து வேறு வேறு.

வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டா, இல்லை செல்போன் ஹாட்ஸ்பாட்தானா என்பதும் முக்கியம். மெஷின் எத்தனை வயசு என்பதும் அப்படித்தான். கடைசியாக, நாளைக்கு அந்த ஹார்டுடிஸ்க் மொத்தமும் போய்விட்டால் எதை நினைத்து அழுவார்கள் என்றும் கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் அது போட்டோக்கள்தான்.

## விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர்

விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. தொடக்கத்தில் அதன் பேர் சரியில்லைதான். அந்தப் பழைய பேரை வைத்துக்கொண்டு இன்றைக்கும் கடைகளில் "அது சும்மாண்ணே, ஒண்ணும் பிடிக்காது" என்கிறார்கள். ஆன்டிவைரஸ்களைச் சோதித்து மதிப்பெண் போடுகிற ஏவி-டெஸ்ட் என்ற ஜெர்மனி ஆய்வகத்தில், பாதுகாப்புப் பிரிவில் 6க்கு 6 என்று டிஃபெண்டர் தொடர்ந்து வாங்கி வருகிறது. காசு கொடுத்து வாங்குபவற்றில் பலவற்றுக்கும் அதே மதிப்பெண்தான்.

கவனிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கெடு கிடையாது, கீ கிடையாது, புதுப்பிக்கச் சொல்லி மூலையில் கட்டம் வராது. விண்டோஸ் அப்டேட் ஆகும்போது அதுவும் சேர்ந்து அப்டேட் ஆகிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. டிஃபெண்டரின் பலத்தில் பெரும்பங்கு இணையத்தில் இருக்கிறது. சந்தேகமான ஃபைல் வந்தால் மைக்ரோசாஃப்டின் சர்வரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகளில் இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பார்த்தால் அது பிடிக்கும் அளவு நன்றாகவே இறங்குகிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஹாட்ஸ்பாட் போடுகிற, மற்ற நாளெல்லாம் பென்டிரைவ் ஏறி இறங்குகிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்ட்' (டேட்டாவை அளந்து செலவழிக்கும் இணைப்பு) என்று வைத்திருந்தால் பல அப்டேட்டுகள் இறங்காமலே நிற்கும். டேட்டா மிச்சமாகும், காவல் பழசாகும்.

கூடச் செய்ய வேண்டியவை இரண்டு. தினமும் உட்காரும் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காக வைக்காமல் சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் உள்ளே நுழையப் பார்த்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கும். அது தெரியாதவர் தற்செயலாக அவற்றை இன்ஸ்டால் செய்ய முடியாது. பெரியப்பா வீட்டில் மூன்றாவது ஆன்டிவைரஸ் வந்த வழி அதோடு அடைபட்டது. இரண்டாவது, பிரவுசரில் விளம்பரத் தடுப்பான். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் முழுமையாக வேலை செய்கிறது. குரோமில் முழுப் பதிப்புக்கு இப்போது இடமில்லை, லைட் பதிப்புதான். 'டவுன்லோட்' என்று பச்சையில் மின்னும் நாலு போலிப் பட்டன்களுக்கு நடுவே எது உண்மை என்று எழுபது வயதுக்காரரைத் தேட விடுவதைவிட, அந்த நாலையும் கண்ணில் படாமல் செய்வது மேல்.

ரான்சம்வேர் என்று சொல்கிறார்களே, ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது, அதற்கும் டிஃபெண்டருக்குள் ஒரு பூட்டு உண்டு. 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று பேர். சாதாரணமாக அணைந்தே இருக்கும். போட்டால் நல்லதுதான், ஆனால் பழைய தமிழ் டைப்பிங் மென்பொருள், ஸ்கேனர் மென்பொருள் போன்றவை டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் எழுதப் பார்க்கும்போது அவற்றையும் தடுத்துவிடும். பிறகு "ஸ்கேன் பண்ணினது சேவ் ஆக மாட்டேங்கு" என்று போன் வரும். யாராவது ஒருநாள் கூட உட்கார்ந்து, அந்த வீட்டில் ஓடும் மென்பொருள்களுக்கெல்லாம் அனுமதி கொடுத்துவிட்டுப் போக முடிந்தால் மட்டும் போடுங்கள்.

அந்த மஞ்சள் கட்டத்துக்கு வருகிறேன். "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று அதில் எழுதியிருந்தது. மூன்று ஆன்டிவைரஸில் எதுவும் அதை அனுப்பவில்லை. எப்போதோ ஒரு சீரியல் வெப்சைட் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா" என்று கேட்டிருக்கிறது, பெரியப்பா 'அலவ்' கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து பிரவுசர் வழியாக அந்தத் தளம் பயமுறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே வைரஸ் எதுவும் இறங்காததால் எந்த ஸ்கேனிலும் அது மாட்டாது. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கி, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று அடைத்தேன். இரண்டு நிமிட வேலை. இதற்காக ஒரு மனிதர் மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்திருக்கிறார் என்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

## கடையில் வாங்கும் ஆன்டிவைரஸ்

சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவை நம்மூர்க் கம்ப்யூட்டர் கடைகளில் பெட்டியாகவே கிடைக்கும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஓராண்டுக்குச் சில நூறு ரூபாய். 1991இல் தொடங்கிய கே7க்கு நம் பக்கத்துக் கடைக்காரர்களிடம் நல்ல பழக்கம் உண்டு.

பென்டிரைவ்தான் ஆபத்து என்கிற வீட்டுக்கு இவற்றில் ஒன்று கொடுத்த காசுக்கு வேலை செய்யும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், பத்திரப்பதிவு அலுவலகம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் பென்டிரைவ் அதே கம்ப்யூட்டரில் ஏறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அங்கிருந்து திரும்பி வந்ததும் சில பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் இருப்பதுபோலவே இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. அளவைப் பார்த்தால் ஒன்றிரண்டு கேபிதான். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பேரில் ஒரு ஷார்ட்கட்டை வைரஸ் வைத்திருக்கிறது. கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஃபோல்டர் திறக்கும். அதனால்தான் பலருக்கு மாசக்கணக்கில் தெரிவதே இல்லை. ஃபைல்கள் அழியவில்லை, மறைந்துதான் இருக்கின்றன. பதறிப்போய் ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

காசு கொடுக்கும் ஆன்டிவைரஸ், பென்டிரைவ் செருகியதுமே ஸ்கேன் செய்யும். வைரஸ் அடையாளங்களின் பெரும் பட்டியலைக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருப்பதால் இணையம் இல்லாத நேரத்திலும் ஓரளவு நம்பலாம். பிரச்சினை என்றால் போன் போட்டுக் கேட்க ஓர் எண் உண்டு. தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லாத வீட்டில் அந்த எண்ணுக்கே அந்த விலை தகும் என்பேன்.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், ஓராண்டு கழித்து. கடையில் பெட்டியாக வாங்கினால் கெடு முடிவது கவனத்தில் இருக்காது. இணையத்தில் கார்டு போட்டு வாங்கினால் நேர் எதிராக, தானாகவே பணம் எடுத்துக்கொள்வார்கள். முதலாண்டுத் தள்ளுபடி விலையை நினைத்துக்கொண்டிருந்தவரிடம் இரண்டாம் ஆண்டு முழு விலை போகும். என் தங்கை கணக்கில் இப்படிப் போனது, வாங்கிய விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல். வாங்கிய அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட்டு, கெடு தேதியைத் தினசரிக் காலண்டரில் எழுதி வைப்பதுதான் வழி. கூடவே விபிஎன், கிளீனர், டிரைவர் அப்டேட்டர் என்று ஏழெட்டைச் சேர்த்து விற்பார்கள். வீட்டுக்கு அது எதுவும் வேண்டாம்.

கெடு முடிந்து புதுப்பிக்கப் போவதில்லை என்றால் பழசை அப்படியே விட்டுவிடாதீர்கள். முழுசாக அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு ஆன்டிவைரஸ் வந்ததும் ஒதுங்கிக்கொண்ட டிஃபெண்டர், அது போனதும் தானே எழுந்துகொள்ளும். எழுந்துவிட்டதா என்று விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

## இணையத்தில் இறக்கும் இலவச ஆன்டிவைரஸ்

இதை இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை. பிடிக்கும் திறமையில் குறைவு என்பதால் அல்ல. டிஃபெண்டர் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது, அதோடு "காசு கட்டினால் இன்னும் பாதுகாப்பு" என்று தினமும் கதவைத் தட்டுகிறது. எது உண்மையான எச்சரிக்கை, எது விற்பனை என்று பெரியவர்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நாளடைவில் எல்லா எச்சரிக்கையையும் மூடிவிடப் பழகிவிடுவார்கள்.

இலவசத்துக்கு வேறு விலையும் உண்டு. அவாஸ்ட் நிறுவனம், தன் மென்பொருளைப் போட்டிருந்தவர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தைத் தன் கிளை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது தொடர்பாக, அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் நடவடிக்கையில் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2024இல் அந்த அறிவிப்பு வந்தது. பாதுகாப்புக்கென்று வீட்டுக்குள் விட்டவரே வீட்டு விவரத்தை வெளியே விற்றால் யாரைத்தான் நம்புவது.

ஒன்றுக்கு மட்டும் விலக்கு. சந்தேகம் வந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவதுபோல, எப்போதாவது ஒருமுறை ஸ்கேன் செய்ய மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு நல்லது. அது காவல் காக்காது, கூப்பிட்டால் மட்டும் வந்து பார்த்துச் சொல்லும். இன்ஸ்டால் செய்ததும் முதல் 14 நாள் கட்டணப் பதிப்பின் சோதனை ஓடலாம். அந்த நாட்களில் டிஃபெண்டர் ஒதுங்கிவிடக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் சோதனையை அணைத்துவிடுங்கள்.

## விண்டோஸையே மாற்றிவிடுவது

இது பழைய மெஷின்காரர்களுக்கு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு நீட்டிப்பை, 2026 அக்டோபர் 13 வரை, மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் இன்டெல் பிராசசர் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2011இலிருந்து அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் அலமாரியில் இருக்கின்றன. அந்தத் தொடக்க கால மாடல்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் விண்டோஸ் 10க்கு 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டிவைத்தபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள், போடாதவர்கள் மாட்டினார்கள். ஓட்டையை அடைக்க ஆளே இல்லாத விண்டோஸில் எந்த ஆன்டிவைரஸை வைத்தாலும் அது பாதிக் காவல்தான்.

அப்படிப்பட்ட மெஷினில் மெயில், யூடியூப், பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால், கரண்ட் பில் கட்டுவது, இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடலாம். 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. நம்மூர்ப் பென்டிரைவ்களில் சுற்றும் வைரஸ்கள் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவை, அங்கே அவை ஓடாது. கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் இன்னும் எளிது. 2022இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 4 ஜிபி ரேம் வேண்டும். தானே அப்டேட் ஆகிக்கொள்ளும், தனியாக ஆன்டிவைரஸ் தேவையே இல்லை. குரோம் பிரவுசர் மட்டும் பழகியவருக்குப் புதிதாகக் கற்க ஒன்றும் இருக்காது. இரண்டையும் போடும் முன் ஹார்டுடிஸ்க்கில் இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் உட்காரும்.

இதற்கு விலை முதல் நாளிலேயே தெரிந்துவிடும். டாலி ஓட்டுபவர், ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வைத்து ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர், ஃபோட்டோஷாப் இல்லாமல் முடியாதவர், இவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். பழைய லேசர் பிரிண்டர் இருந்தால் முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, ஒரு பக்கம் அச்சாகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். அம்பையில் சித்தி வீட்டில் எல்லாம் சரியாக அமைந்தும், ஒரு பிரிண்டருக்காக நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்வர வேண்டியிருந்தது.

## எதை எடுத்தாலும் இவை வேண்டும்

கிராக். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்யாண ஆல்பம் செய்பவர், ஃபிளெக்ஸ் டிசைன் செய்பவர் வீடுகளில் கிராக் போடாத மெஷின் அபூர்வம். அந்த கிராக்கோடு வரும் குறிப்பில் முதல் வரியே "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்" என்றுதான் இருக்கும். நாமே பூட்டைத் திறந்து கொடுத்த பிறகு எந்த நிறுவனத்தின் காவலும் உதவாது. தொழிலுக்கு அதுதான் வேண்டும் என்றால், தொழில் மெஷினில் பேங்க் வேலை செய்யாமலாவது இருங்கள்.

ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பேரைச் சொன்னால் அதன் முகவரியைத் தேடிக் கொடுக்கும் சேவை) 1.1.1.2 அல்லது 9.9.9.9 என்று மாற்றி வையுங்கள். தெரிந்த மோசடித் தளங்களும் வைரஸ் தளங்களும் பெரும்பாலும் வீட்டுக்குள் திறக்காது. வீட்டு வைஃபையில் இருக்கும் செல்போன்களுக்கும் சேர்த்து அந்தக் காவல் கிடைக்கும். ஒருமுறை செய்தால் போதும், காசும் இல்லை.

ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டுடிஸ்க் வாங்கி போட்டோக்களை ஏற்றி, கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றி என்பது முக்கியம். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை முடியாது என்றால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போதாவது செய்யச் சொல்லுங்கள்.

போனில் வரும் குரலுக்கு எந்த மென்பொருளும் கிடையாது. "பேங்கிலிருந்து பேசுகிறோம்", "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று சொல்லி, தூரத்திலிருந்தே உங்கள் திரையை இயக்கும் ஒரு மென்பொருளை இறக்கச் சொல்வார்கள். அந்த மென்பொருள் வைரஸ் அல்ல, சர்வீஸ்காரர்களும் பயன்படுத்துவதுதான். அதனால் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் வாய் திறக்காது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. திரை முழுக்கச் சிவப்பாகி, சத்தம் போட்டு, நம்பர் காட்டினால் ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்துங்கள். மூடவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு.

பெரியப்பா வீட்டில் மூன்று ஆன்டிவைரஸையும் எடுத்துவிட்டு டிஃபெண்டரை மட்டும் விட்டேன். ஃபயர்ஃபாக்ஸ், விளம்பரத் தடுப்பான், சாதாரணக் கணக்கு, ரவுட்டரில் டிஎன்எஸ். மொத்தம் ஒன்றரை மணி நேரம். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, பேங்க் பாஸ்புக் இருக்கும் பீரோவில் பெரியம்மா வைத்திருக்கிறார். மானிட்டர் ஓரத்தில் 1930 என்று பெரியப்பாவே தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினார். கம்ப்யூட்டர் ஏதாவது பாஸ்வேர்டு கேட்டால், "எதுக்குக் கேக்குனு முதல்ல சொல்லும்" என்று பெரியம்மா அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பீரோச் சாவியை எடுக்கிறார்.